நீ பாதி மூடிய வால்வு

மகனே, உனக்கும் மருமகளுக்கும் உம்மாவின் ஸலாம்.

ஃபோன் இருக்கும்போது உம்மா ஏன் பத்திரிகையில் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். நான் படித்த கொன்வென்டில் ஒரு விதி இருந்தது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை வகுப்புக்கு முன்னால் குறை சொல்லி, அது பொய் என்று தெரிய வந்தால், சொன்ன பிள்ளை அதே வகுப்புக்கு முன்னால் எழுந்து நின்று திருத்த வேண்டும். விறாந்தையில் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் எங்கள் சிஸ்டர் ஏற்றுக்கொள்ள மாட்டார். நான் அங்கே ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை. நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தவள் நான். பிறகு முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தபோது அதே விதியை என் மாணவிகளுக்கும் வைத்தேன். இந்த வயதில் இன்றைக்குத்தான் எழுந்து நிற்கிறேன். உன் மாமனார் இந்தப் பத்திரிகையை மருதமுனையில் தன் கடையில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை விடாமல் வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. நம் ஊர்க்காரருக்குப் பெயர் தேவைப்படாது.

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காக, உனக்குத் தெரிந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவார். உன் வாப்பாவும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார், என் பெயரில் இருந்த வீட்டில் வாழ்ந்து மௌத்தானார். உன் தங்கச்சியின் கல்யாணத்தோடு இந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தோம். அதற்கு முந்திய வருடம் நீ மருதமுனைக்குப் போனாய். இரண்டு சூட்கேஸ்களையும் உன் சாமான் பெட்டியையும் நீ வாசலில் எடுத்து வைத்தது ஞாபகம் இருக்கிறதா? குறடு, சாவிகள், சுத்தியல் எல்லாம் கிடக்கும் அந்தப் பச்சை இரும்புப் பெட்டி. "மாப்பிள்ளை சாமான் பெட்டியோடயா போறது, ஆக்கள் சிரிக்கிறத்துக்கா?" என்று நான் கேட்டேன். நீ அதைத் திரும்பக் கொண்டுபோய் உன் பழைய கட்டிலுக்குக் கீழே வைத்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து இங்கே வரும்போது, கட்டிலுக்குக் கீழே குனிந்து பெட்டியை இழுக்கும் சத்தம்தான் நீ வந்துவிட்டாய் என்று எனக்குச் சொல்லும். மின்விசிறி, கதவுப் பிணைச்சல், அயர்ன் வயர் என்று இந்த வீட்டில் எதையாவது திருத்துவாய். அந்தப் பெட்டி இங்கே இருந்தபடியால்தான் நீயும் இங்கே இருந்தாய் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இனி அந்த வால்வுக்கு வருகிறேன். கழிப்பறைக் கொமட்டின் தண்ணீர்த் தொட்டிக்குள் வாப்பா காலத்து வால்வு ஒன்று இருந்தது. பித்தளைக் கம்பி, நுனியில் ஒரு மிதவை. கடைசி மாதங்களில் அது மூடாமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றி உன்னிடம் எத்தனை தரம் பேசினேன் என்று எனக்குத் தெரியும். கடைசித் தரம், "உனக்கு வர ஏலாட்டிச் சொல்லு, வேற ஆளக் கூப்பிடுறன்" என்றேன். நீ மறுநாளே மாமனாரின் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாய். காலையில் தொடங்கி ளுஹர் தொழுகைக்கு முன்னால் முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். புதிய வால்வு பிளாஸ்டிக்கில் இருந்தது. மிதவையை நீ விரலால் உயர்த்தியதும் தண்ணீர் சட்டென்று நின்றது. நான் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றேன். நான் தரும் பாராட்டுகளில் அதுதான் பெரியது என்று உனக்குத் தெரியும். நீ சிரித்தாய்.

பிறகு நீ சொன்னதை நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் இந்தக் கடிதம் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"உம்மா, இது பழசு மாதிரி இல்ல. பழசு மெள்ள மெள்ள மூடும். இது ஒரேயடியா மூடும். ஓடி வாற தண்ணி போய் முட்டும். செவத்தில பைப்புக்குக் கிளிப் ஒண்டும் இல்ல, அது ஆடி இடிக்கும்."

"இவ்வளவு காலமும் ஆடல்லயே."

"அதத்தானே சொல்லுறன். மீற்றருக்குப் பக்கத்தில இரிக்கிற வால்வ அரைவாசி மூடி வெச்சிரிக்கன். அதுல கை வெச்சிராதீங்க. வாற வெள்ளி கிளிப் கொண்டு வந்து அடிச்சிட்டு நானே தொறந்து உடுறன்."

"ஓம் ஓம், நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றேன்.

சுவரில் கிளிப் ஏன் இல்லை என்று நீ கேட்கவில்லை. உன் தங்கச்சியின் கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடித்தபோது, வெளிச்சுவரில் குழாயைப் பிடித்திருந்த தகரக் கிளிப்புகள் துருப்பிடித்து, புதுப் பெயின்றில் கபிலக் கோடுகளாக வடிந்திருந்தன. வாசலால் வருகிறவர்களின் கண்ணில் முதலில் அதுதான் படும். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். பெயின்ற் அடித்தவர் புதிய கிளிப் போட வேண்டும் என்றார். சுவர் இப்போதுதான் பார்க்க வடிவாக இருக்கிறது, அப்படியே விடுங்கள் என்றேன். இருபதடிக் குழாய் அன்றிலிருந்து சுவரில் சும்மா சாய்ந்துகொண்டு நிற்கிறது. பழைய வால்வு மெதுவாக மூடியதால் அது யாருக்கும் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு உன் மாமனார் குடும்பத்தைக் கூப்பிட்டிருந்தேன். வியாழன் காலையில் மீன் கழுவும்போது குசினிக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. உனக்கு ஃபோன் பண்ணியிருக்கலாம். இரண்டு வாளியில் பிடித்து வைத்துச் சமாளித்திருக்கலாம். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போய், மீற்றருக்குப் பக்கத்து வால்வின் வட்டச் சில்லைப் பிடித்து முழுக்கத் திறந்துவிட்டேன். என் வாசலில் வரும் தண்ணீரை நான் ஏன் பாதியாக வாங்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் அப்போது இருந்தது. கால் மணி நேரத்துக்குள் உன் தங்கச்சி உள்ளே இருந்து வந்தாள். "உம்மா, ஆரோ செவத்தில இடிக்கிறாங்க." பக்கத்து வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பினாள். பொய் சொல்லாத உம்மா என்று பெயர் எடுத்து வைத்தால் ஒரு பொய் எவ்வளவு சுலபமாகப் போகும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் என் வாயால் சொல்ல வேண்டும். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். உன் மாமி பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து அமர்ந்தார். தொட்டி நிரம்பி வால்வு மூடியதும் முதலில் ஓர் இடி. பிறகு சுவர் முழுக்க இடி. கண்ணாடி அலுமாரிக்குள் என் கோப்பைகள் கிலுகிலுத்தன. உன் மாமனார் கையில் பிடித்த சோற்றோடு, "என்ன சம்மந்தி, செவத்துக்குள்ள ஆரையும் பூட்டி வெச்சிரிக்கீங்களா? வெளிய உடுங்க, அவருக்கும் பசிக்கிது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல பகிடி. நானும் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கோ, வருகிறவர்கள் ஒரு தூசியும் காணாத வீடு என்ற என் பெருமைக்குள் அந்த இடி விழுந்தது போல் இருந்தது.

"எல்லாம் உங்கட மருமகன்ட கைவேலதான்" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். உன் பக்கம் திரும்பினேன். "ஒண்டையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது. இது உன்ட தங்கச்சிட வீடு, ஆக்கள் வந்து போற வீடு. வேல பழகுறதெண்டா உன்ட வீட்டில போய்ப் பழகு."

உன்ட வீடு. எது உன் வீடு, மகனே? இது தங்கச்சியுடையது. மருதமுனை வீடு உன் மனைவியுடையது. அதைக் கொடுத்தவர் உனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம் ஊரில் ஓர் ஆண்மகனிடம், அவனுடைய மாமனாருக்கு முன்னால், அவனைப் பெற்றவள் சொல்லக் கூடாத சொல் ஒன்று இருந்தால் அது இதுதான். ஒரு எழுத்துப் பிழைக்காகப் பிள்ளைகளை முழுக் கட்டுரையையும் திரும்ப எழுத வைத்தவள் நான். என் வாயில் வந்த அந்தச் சொல்லை ஒரு தரம் சரிபார்க்கவில்லை.

நீ எழுந்து வெளியே போனாய். ஜன்னலால் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சில்லில் கை வைத்தாய். திருப்பிப் பார்த்தாய். அது முழுக்கத் திறந்திருந்தது. உன் கை அதிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. யார் திறந்தது என்று உனக்கு அந்த நேரமே தெரிந்துவிட்டது. பாதியாக மூடிவிட்டு வந்து, கையைக் கழுவி, உன் இடத்தில் அமர்ந்தாய். உள்ளே வந்து உண்மையைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொன்னால் என்ன பதில் கொடுக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"ஓம் உம்மா, பிழை என்னிலதான்" என்றாய்.

நான் உனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. நீ வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைச் சாப்பிடவுமில்லை. போகும்போது கட்டிலுக்குக் கீழே இருந்து பெட்டியை எடுத்து மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினாய். உன் தங்கச்சி, "எங்க காக்கா கொண்டுபோறீங்க?" என்று கேட்டாள். "சும்மா இடத்தப் புடிச்சிக்கிட்டுக் கிடக்கு, புள்ள" என்றாய்.

அதற்குப் பிறகும் நீ வராமல் இருக்கவில்லை. உன்னிடம் அந்தக் குறையை யாரும் காண முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் வருகிறாய், என் மருந்தைக் கொண்டு வருகிறாய். ஆனால் முன் ஹோலில் கதிரையின் விளிம்பில் உட்காருகிறாய். முன்பெல்லாம் நேரே குசினிக்குப் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பவன், இப்போது தங்கச்சியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறாய். குடித்த கோப்பையை எங்கே வைப்பது என்று அவளிடம் ஒரு நாள் கேட்டாய். அவள் உள்ளே போய் அழுதாள். கிளிப்பை அதற்குப் பிறகு நீ கொண்டு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் கையைப் பற்றி நான் செய்த பழைய பிழை ஒன்றும் இருக்கிறது. ஏ.எல். பரீட்சை எழுதி முடித்துவிட்டுத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பினாய். குழாய் பொருத்தும் பாடநெறி என்று முதல் தெரிவில் எழுதியிருந்தாய். அதைத் திருத்தித் தரும்படிதான் என்னிடம் கொண்டு வந்தாய், ஆங்கிலத்தில் பிழை இருக்கும் என்று. பிழை ஒன்றும் இருக்கவில்லை. நான் புதிய படிவம் ஒன்றை எடுத்து, என் கொன்வென்ட் கையெழுத்தில், கணக்கியல் என்று முதல் தெரிவை எழுதி உன்னிடம் நீட்டினேன். "ரீச்சர்ட மகன் பைப் பாஸா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். நீ கையெழுத்துப் போட்டாய். இன்றைக்கு மாமனாரின் கைத்தறிச் சாரக்கடையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகம் எழுதுகிறாய். அவர் உன்னை நன்றாக வைத்திருக்கிறார், அதில் குறையில்லை. ஆனால் உன் வாப்பா, பிள்ளைக்கு எது விருப்பம் என்று அன்றைக்கு என்னிடம் கேட்டார். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் உன்னைப் போலத்தான், எனக்கு முன்னால் வாதாடியதில்லை.

நீ அன்றைக்குப் பாதி மூடிய வால்வை, தண்ணீர் போதவில்லை என்று தங்கச்சியின் மாப்பிள்ளை பிறகு திறந்துவிட்டார்; நான் தடுக்கவில்லை. போன மாதம் இடி பொறுக்க முடியாமல் சாய்ந்தமருதிலிருந்து குழாய் வேலை செய்யும் பைப் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டேன். வயதான மனிதர். வந்ததும் எதையும் கழற்றவில்லை. கொமட்டில் தண்ணீரை இழுத்துவிட்டு, வெளிச்சுவரில் குழாய்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தொட்டி நிரம்பும் வரை நின்றார். பிறகு தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார்.

"இத ஆரு போட்டது?"

"ஒருத்தர்" என்றேன்.

"நல்ல கை. ஒரு சொட்டு ஒழுக்கு இல்ல, மட்டம் பார்த்துப் போட்டிரிக்கார். இவ்வளவு வடிவாப் போட்டவர் கிளிப் அடிக்காமப் போகமாட்டாரே. மீற்றரடி வால்வயாவது அரைவாசி மூடியிரிப்பாரே."

உன் தங்கச்சி கதவுநிலையில் நின்றாள். என்னைப் பார்த்தாள். "உம்மா, கிளிப்ப நீங்கதானே களட்டச் சொன்ன?" என்றாள். அது அவளுக்குத் தெரிந்த பாதி. மறுபாதியையும் அங்கேயே, அந்தப் பாஸுக்கு முன்னால் சொன்னேன். காக்கா மூடிவைத்த வால்வை முதலில் திறந்தது நான் என்றேன். அவர் சங்கடப்பட்டுக் குழாயைத் தடவிக்கொண்டு நின்றார். உன் தங்கச்சி, தன் மாப்பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கப் போகிறேன் என்று உள்ளே போனாள். அவள் மாப்பிள்ளை அந்த நேரம் வீட்டில் இல்லை.

அந்தப் பாஸ் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்தார். மீற்றரடியில் தண்ணீரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் திறந்து உள்ளே இருந்ததை வடியவிட்டார். ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ரப்பர் வைத்து, கிளிப் அடித்தார். பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, முழுக்கத் திறக்காமல் ஒரு அளவில் விட்டார். உன் அளவுதான் அது. சுவரில் இப்போது பதின்மூன்று வெள்ளைக் கிளிப்புகள் இருக்கின்றன. வாசலால் வருகிறவர்களின் கண்ணில் முதலில் அவைதான் படுகின்றன. படட்டும்.

மக்காவுக்கு உம்ராப் பயணம் போக நாள் குறித்தபின், வழக்கப்படி ஒவ்வொரு வீடாகப் போய் மாப்புக் கேட்டேன். "ஏதும் பிழை செய்திரிந்தா மன்னிச்சிருங்க" என்று நானும், "அப்படி ஒண்டுமில்ல, எங்களுக்கும் துஆச் செய்ங்க" என்று அவர்களும். உன்னிடமும் அப்படித்தான் கேட்டேன், மற்றவர்களும் இருக்கும்போது, அதே சொற்களில். நீயும் அதே பதிலைத்தான் தந்தாய். 'ஏதும்' என்று சொல்லிவிட்டால் எதையும் பெயர் சொல்லத் தேவையில்லை. அந்த மாப்பு உனக்கும் எனக்கும் இடையில் எதையும் நேராக்கவில்லை என்று கேட்கும்போதே தெரியும். அல்லாஹ்வின் கடமையில் விட்ட குறையை அவனிடம் கேட்கலாம். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டும். இதை ஊர்ப் பெண்களுக்கு எடுத்துச் சொல்பவளும் நான்தான்.

அதனால் மருதமுனைக் கடைக்குப் போனபோது, உன் மாமனாரிடம் ஒவ்வொரு பிழையாகப் பெயர் சொல்லியே கேட்டேன். நீ அன்று சரக்கு எடுக்கப் போயிருந்தாய். கிளிப்பைக் கழற்றியது நான், வால்வைத் திறந்தது நான், அது தெரிந்துகொண்டே உங்கள் மருமகனை உங்களுக்கு முன்னால் ஏசினேன் என்றேன். அவர் சாரத்தை மடித்துக்கொண்டே சிரித்தார். "அது பைப் கத. அத நாங்க வீட்ட போய்ச் சேர முந்தியே மறந்திட்டம், சம்மந்தி." பிறகு மடிப்பதை நிறுத்தினார். "ஆனா ஒண்டு. அண்டையிலிருந்து இவர் எங்கட வீட்டில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் வந்து என்னட்டக் கேக்கிறார். அடிக்கட்டா மாமா எண்டு. போன கிழம குசினி பல்ப் போன நேரமும் கேட்டார். முந்தி அப்பிடி இல்ல. எனக்கு அது என்னமோ மாதிரி இரிக்கி."

எனக்கு ஓட்டோவில் வீடு வந்து சேரும் வரை அந்த ஆணிதான் ஞாபகம். நான் சொன்ன ஒரு சொல், இங்கே உனக்கு இருந்த இடத்தை மட்டும் எடுக்கவில்லை. மருதமுனையில் உனக்கு இருந்ததையும் எடுத்துவிட்டது. பல்ப் மாற்ற அனுமதி கேட்கிறான் என் மகன்.

ஆகவே, மாமனார் வாசிக்க, உன் தங்கச்சி வாசிக்க, எனக்கு முன்னால் ஒருகாலத்தில் வகுப்பு வாங்கில் உட்கார்ந்திருந்த என் மாணவிகள் வாசிக்க, எழுந்து நின்று சொல்கிறேன். வால்வை நீ சரியாகப் பொருத்தினாய். செய்யக் கூடாததை முன்கூட்டிச் சொன்னாய். நான் செய்தேன். பழியை உன்மேல் போட்டேன். நீ அதை ஏற்றுக்கொண்டபோது வாய் திறக்காமல் இருந்தேன். 'ஏதும்' அல்ல, இவைதான். இவற்றுக்காக மாப்புக் கேட்கிறேன். உடனே பொறுத்துவிட்டேன் என்று சொல்லாதே. உனக்கு வேண்டிய நேரத்தை எடு. பொறுக்க முடியாவிட்டால் அதையும் சொல், நான் கேட்டுக்கொள்வேன்.

உம்மா என்பதால் புத்தி சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அடுத்தவரின் பிழையை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே, அது உன்னைப் பெற்றவளாக இருந்தாலும். நீ மரியாதைக்காகச் செய்தாய். நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இத்தனை மாதம் இருந்துவிட்டேன். உனக்கொரு மகன் பிறந்து, அவன் ஒரு நாள் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகும்போது, சாமான் பெட்டியோடு போக வேண்டும் என்றால் விடு. ஆட்கள் சிரித்தால் சிரிக்கட்டும். மாமனாரிடம் ஆணி அடிக்கக் கேட்காதே. அடித்துவிட்டுச் சொல். அவருக்கும் அதுதான் விருப்பம், என்னிடம் அவரே சொன்னார்.

இந்த வீடு தங்கச்சியின் பெயரில்தான் இருக்கும். அதை நான் மாற்ற முடியாது, நீயும் கேட்கமாட்டாய். உன் கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தையல் மெசின் வைக்கலாமா என்று போன கிழமை நான் கேட்டதற்கு, "காக்காட கட்டில்ல ஆரும் கை வைக்கப்படாது" என்றாள் வீட்டுக்காரியான உன் தங்கச்சி. அவள் என்னைவிட நல்லவளாக வளர்ந்திருக்கிறாள்.

உன்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு தரமும் ஏதாவது உடைந்த சாமானைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். மின்விசிறி நின்றுவிட்டது, கதவு கீச்சிடுகிறது, தண்ணீர் ஒழுகுகிறது. உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தரமும் சொன்னதில்லை. இப்போது எல்லாம் திருத்தியாகிவிட்டது. குழாய் சத்தம் போடுவதில்லை. தொட்டி நிரம்பி நிற்பதுகூடக் கேட்பதில்லை. உன்னைக் கூப்பிட என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை.

வாற வெள்ளி வா, மனே. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வா. நேரே குசினிக்குள் வா.

உன் உம்மா